நேட்டாலுக்கு ஒரு முறை. ஈழத்திற்கு ஒரு முறை

செனீவா நகரில் 2009-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் ஒன்றிய நாடுகள் மாந்த உரிமை மன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. முள்ளிவாய்க்கால் மணலில் குருதி காய்ந்து அன்று பத்து நாளும் ஆகவில்லை. வவுனியாவை அடுத்த முள்வேலிக் கொட்டடிகளில் இரண்டே முக்கால் இலக்கத்திற்கும் மேற்பட்ட தமிழர் வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடந்தனர். அந் நாளில் மன்றத்தின் முன் வைக்கப்பெற்ற தீர்மானம் கொன்றவரை உசாவுக என்று கேட்கவில்லை. மாறாக, புலிகள் பிணையாகப் பிடித்து வைத்திருந்த பல்லாயிரவரை இலங்கையரசு விடுவித்துவிட்டதாக வரவேற்றது. வரவேற்காமல் என் செய்யும்? அதனை எழுதிக் கொணர்ந்ததே இலங்கையரசுதான்! குற்றஞ் சாட்டப்பெற்றவனே தீர்ப்பெழுதி நீட்ட, ஊர்ப் பெரியவர்கள் ஒப்பமிட்ட கதை அது.

நாற்பத்தேழு உறுப்பு நாடுகளுள் 29 நாடுகள் ஒப்பம் தந்தன; 12 எதிர்த்தன; 6 ஒதுங்கி நின்றன. அந்த 29-இல் சீனம் இருந்தது, பாக்கித்தான் இருந்தது, இந்தியாவும் இருந்தது. எல்லைக் கோட்டில் ஒரு கல் நகர்ந்தாலும் படை திரட்டும் இம் மூன்று அரசுகளும், தமிழரின் பிணக்குவியல் முன் மட்டும் ஒரே அணியில் நின்றன. துயர்துடைப்பு அமைப்புகள் அடைபட்ட மக்களிடம் தடையின்றிச் செல்ல விடவேண்டும் என்னும் திருத்தத்தைச் செருமனி கொணர முயன்றபோது, பேச்சையே முடித்துவிட வேண்டுமெனக் கியூபா எழுந்தது, முடித்தும் வைத்தது. அடக்கப்பட்டோரின் தோழன் என்று பெயரெடுத்த நாடு அது! ஆகவே, அவ்வமைப்புகளைத் 'தக்கதெனத் தோன்றியவாறு' விடலாம் என்னும் அளவிலேயே தீர்மானம் நின்றுவிட்டது. தக்கது எது, தகாதது எது என்று முடிவு செய்பவன் வேலிக்குக் காவல் நின்ற படைஞனே அல்லனோ?

அத் தீர்மானத்தின் முதுகெலும்பு ஒரே ஒரு தொடர். ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்திற்கு உட்பட்டவற்றில் பிறர் தலையிடலாகாது என்பதே அது. இத் தொடரை இந்தியா ஏற்றுக் கையொப்பமிட்ட பொழுது, செனீவாவில் இருந்த இந்தியத் தூதர்களுள் ஒருவரேனும் தம் நாட்டின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே. ஏனெனில், அத் தொடரை முதன்முதலில் உலக அவையில் நொறுக்கிய நாடு இந்தியாதான்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பெற்ற முதல் கூட்டம் அதிலிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமே. பின்னைய ஐம்பதாண்டுகளில் ஒன்றரை இலக்கம் பேர் அவ்வழியே சென்றனர். கூலி முறிவு, தலைவரி, சிறை, அடி என அவர்கள் பட்ட பாடு ஒரு தனி நூலளவு விரியும். சிறையில் நோயுற்று வெளிவந்து 1914-இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நினைந்தாலே போதும்.

1946-இல் தென்னாப்பிரிக்க வெள்ளையரசு ஒரு சட்டம் இயற்றியது. இந்தியர் எங்கு நிலம் வாங்கலாம், எங்குக் குடியிருக்கலாம் என்று அது கோடு கிழித்தது. மக்கள் அதனை ஒதுக்குச்சேரிச் சட்டம் என்றே அழைத்தனர். இந்தியா அன்று விடுதலை பெற்ற நாடுகூட அன்று. ஆயினும், தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக் கொண்டது. தன் உயர் ஆணையரைத் திரும்ப அழைத்தது. வழக்கைப் புதிதாகப் பிறந்திருந்த ஒன்றிய நாடுகள் பொதுப்பேரவைக்கும் கொண்டு சென்றது. விசயலட்சுமி பண்டிட்டு அங்கு வழக்குரைத்தார். எதிரே நின்றவர் தென்னாப்பிரிக்கத் தலைமையமைச்சர் சுமட்சு. ஒன்றிய நாடுகள் பட்டயத்தின் முகவுரையை வரைந்ததில் பெரும்பங்கு கொண்டவர் அவர். அடிப்படை மாந்த உரிமை என்னும் சொற்கள் மின்னும் முகவுரை அது! அவர் சொன்ன விடை யாது? 'இஃது எம் உள்நாட்டுச் சிக்கல். பட்டயம் இதில் தலையிட இடங்கொடுக்கவில்லை. வேண்டுமாயின் உலக நயன்மை மன்றத்தின் கருத்தைக் கேளுங்கள்' என்பதே அவர் வழக்கு.

இந்தியா அதனை ஏற்கவில்லை. ஓர் இனத்து மக்களை அவர்தம் பிறப்பின் பெயரால் ஒடுக்குவது எந்த நாட்டின் வீட்டுச் செய்தியும் ஆகாது என்று வழக்காடியது. திசம்பர் 8-ஆம் நாள் வாக்கெடுத்தபோது 32 நாடுகள் இந்தியாவின் பக்கம், 15 எதிர்ப்பக்கம், 7 ஒதுங்கின. வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கு வேண்டியிருந்தது. இந்தியாவின் பக்கமிருந்த ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தாலும் தீர்மானம் வீழ்ந்திருக்கும். அந்த மெல்லிய நூலிழையில்தான் 'உள்நாட்டுச் சிக்கல்' என்னும் கோட்டைச்சுவரில் முதல் விரிசல் விழுந்தது. பின்னர் இனவொதுக்கலுக்கு எதிராக உலகம் ஐம்பதாண்டுக் காலம் எழுப்பிய குரலெல்லாம் அவ் விரிசல் வழியே நுழைந்தவையே.

அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. செனீவாவில் 2009 மே 26-ஆம் நாள் சிறப்புக் கூட்டத்தில் மாந்த உரிமை உயர் ஆணையர் நவநீதம் பிள்ளை ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். இரு தரப்பினரும் பொதுமக்கள் உயிரைப் பொருட்படுத்தவில்லை என்று நம்புதற்கு வலுவான அடிப்படை உண்டு. ஆகலின் சார்பற்ற பன்னாட்டு உசாவல் வேண்டும் என்பதே அவ் வேண்டுகோள். இந் நவநீதம் பிள்ளை யார்? 1941-இல் தர்பனில், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாக, கரும்புத் தோட்டத்திற்குச் சென்ற தமிழர் வழியில் பிறந்தவர். இந்தியா சுமட்சுவோடு மல்லுக்கு நின்றபோது அவர் ஐந்து அகவைக் குழந்தை. அக் குழந்தைக்கும் சேர்த்தே அன்று இந்தியா வழக்காடியது. அக் குழந்தை வளர்ந்து, உலகின் மாந்த உரிமைக்குத் தலைமையேற்று, ஈழத்தில் கொல்லப்பட்டவர்க்காக உசாவல் கேட்டபோது, மறுநாளே சுமட்சுவின் விடையை இந்தியா தன் வாயால் சொல்லிற்று!

நயன்மைக்காகச் சொல்ல வேண்டிய ஒன்று: 1946-இல் தென்னாப்பிரிக்காவின் பக்கம் நின்ற பிரித்தானியா, 2009-இல் இலங்கையின் தீர்மானத்தை எதிர்த்த பன்னிரு நாடுகளுள் ஒன்று. இந்தியாவும் பிரித்தானியாவும் இருக்கை மாற்றிக் கொண்டன என்றே கொள்ளலாம். இதனால் வெள்ளையர்க்கு அறம் முளைத்துவிட்டது என்று எவரும் மகிழ வேண்டுவதில்லை. போர் நடந்த மாதங்களில் அவர்கள் தடுத்ததும் ஒன்றுமில்லை.

தில்லிக்கு இம் முறைமை மறந்து போயிற்று என்றும் கூறவியலாது. 1971 மார்ச்சு 25-ஆம் நாளிரவு பாக்கித்தான் படை தாக்காவில் கொலையைத் தொடங்கிற்று. மார்ச்சு 31-ஆம் நாள் இந்திய நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் கிழக்கு வங்க மக்களுக்குத் துணை நிற்பதாகத் தீர்மானம் இயற்றின. இடைப்பட்டவை ஆறே நாள்கள். பாக்கித்தானும் அன்று 'உள்நாட்டுச் சிக்கல்' என்றுதான் கூவியது. ஒரு கோடி ஏதிலியர் எல்லை கடந்து வந்தபின் அஃது எப்படி உள்நாட்டுச் சிக்கலாகும் என்று இந்தியா உலகமெங்கும் கேட்டது. நல்ல கேள்விதான். 1983 சூலை தொடங்கி மூன்று இலக்கத்திற்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் பாக்கு நீரிணையைக் கடந்து இராமேசுவரம் கரையிலும் பிற கரைகளிலும் வந்திறங்கினர். அவர்களைக் காட்டி அதே கேள்வியைத் தில்லி செனீவாவில் எழுப்பாதது ஏன்? 2013 மார்ச்சில் தமிழ்நாட்டு மாணவர் தெருவில் இறங்கி நாடாளுமன்றத் தீர்மானம் கேட்டபோது, தில்லியில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், அயல்நாட்டைக் குறித்துத் தீர்மானம் இயற்றல் தகாது என்று பல கட்சிகள் மறுத்தன. வங்காளிக்காக இயற்றலாம், தமிழனுக்காக இயற்றலாகாது போலும்!

போர் நடந்தபொழுது தில்லி பேசிய சொற்களையும் பார்த்தல் வேண்டும். 2009 சனவரியில் இலங்கையரசு வன்னியில் ஒரு பகுதியைக் காட்டி, அங்குச் செல்லுங்கள், தாக்கமாட்டோம் என்று மக்களுக்கு அறிவித்தது. சென்றவர்கள்மேல் எறிகணைகள் விழுந்தன. சனவரி 23-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் போரை நிறுத்தக் கோரியது. அம் மாத இறுதியில் கொழும்புக்குச் சென்ற அயலுறவு அமைச்சர் பிரணாப்பு முகர்சி, படைவெற்றிகள் வடமாநிலத்தில் இயல்பு வாழ்வை மீட்டெடுக்க ஓர் அரசியல் வாய்ப்பை அளிக்கின்றன என்றார். காப்புப் பகுதிகளை மதிப்பதாக இலங்கையரசு உறுதியளித்தது என்றும் அறிவித்தார். வாய்ப்பு! எவர்க்கு எதற்கு வாய்ப்பு என்பதை அடுத்த நூறு நாள்கள் காட்டின. ஒரு காப்புப் பகுதி தாக்குண்டு சிதறியதும் இன்னொன்று அறிவிக்கப்பட்டது. அதுவும் சிதறியதும் மூன்றாவது அறிவிக்கப்பட்டது. மூன்றாவதின் பெயர்தான் முள்ளிவாய்க்கால்.

ஏப்பிரல் 27-ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி சென்னைக் கடற்கரையில் உண்ணாநோன்பு தொடங்கினார். கனவகைப் படைக்கலன்களையும் வானூர்திகளையும் இனிப் பயன்படுத்துவதில்லை எனக் கொழும்பு அறிவித்ததாகத் தில்லியிலிருந்து செய்தி வந்தது. நண்பகலுக்குள் நோன்பு முடிந்தது. போர் முடியவில்லை. மே 13 அன்று தமிழ்நாட்டில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துக் கொண்டிருந்தபோது, முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்த மருத்துவமனை இரண்டாம் நாளாக எறிகணைக்கு இலக்காகிக் கொண்டிருந்தது. நோன்பிருந்தவர் செய்தியை நம்பினார் என்றே வைத்துக் கொண்டாலும், செய்தி பொய்த்தபின் மறு நோன்பு ஏன் இல்லை என்று கேட்டவர்க்கு விடை கிட்டவில்லை.

ஒன்றிய நாடுகள் பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழுவின் அறிக்கை 2011-இல் வெளிவந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. காப்புப் பகுதிகளையும் மருத்துவமனைகளையும் அரசுப் படை தாக்கியதாகக் கூறப்பட்டவை நம்பத்தக்கவை என்றது. புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்ததையும், வெளியேற முயன்றோரைச் சுட்டதையும் அதே அறிக்கை எடுத்துரைத்தது. அதனை மறைக்க வேண்டிய தேவை தமிழர்க்கு இல்லை. இரு தரப்பையும் உசாவுக என்றே நவநீதம் பிள்ளையும் கேட்டார். உசாவலை அஞ்சியது யார் என்பதுதான் கேள்வி. புலிகளின் தலைமை அழிக்கப்பட்டபின், உசாவப்பட வேண்டியவராக உயிரோடு அரியணையில் அமர்ந்திருந்தவர் யாரோ, அவரே அஞ்சினார். அவர்க்காக அஞ்சியவர் தில்லியில் இருந்தனர்.

2012 மார்ச்சு 22-இல் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. அமெரிக்கா கொணர்ந்த தீர்மானம் அது. 24 நாடுகள் ஒப்ப, 15 மறுக்க, 8 ஒதுங்க நிறைவேறியது. தமிழ்நாட்டில் சிலர் இனிப்பு வழங்கினர். அவர்கள் தீர்மானத்தின் மூன்றாம் பத்தியைப் படித்திருப்பின் இனிப்பு கசந்திருக்கும். மாந்த உரிமை ஆணையகம் இலங்கைக்கு அறிவுரையும் தொழில்நுணுக்க உதவியும் தரலாம்; ஆயினும், இலங்கையரசைக் கலந்து, அதன் 'இசைவோடு' தரவேண்டும் என்று அப் பத்தி கூறுகின்றது. தீர்மானத்தின் கூர்மை மழுக்கப்பட்டதில் இந்தியாவின் கை இருந்தது என்பது ஊகமன்று. இரண்டே நாள் கழித்துத் தலைமையமைச்சர் மன்மோகன் சிங்கு இராசபக்சேவுக்கு எழுதிய மடலில், தீர்மானத்தின் சொல்லமைப்பில் நடுநிலையைப் புகுத்த முயன்று வென்றதாக அவரே எடுத்துரைத்தார். திருடனைப் பிடிக்கக் காவலரை அனுப்புங்கள், திருடனின் இசைவு பெற்று அனுப்புங்கள் என்பது நடுநிலையாம்! வெளியே தமிழர் காண ஒரு வாக்கு. உள்ளே கொழும்பு காண ஒரு சொல்.

தூது என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்த நூலை உடையது தமிழ். கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடர முனைந்தபோது, இஃது அரசனின் ஆட்சிக்குட்பட்டது என்று கோவூர்கிழார் வாய் மூடியிருந்தாரல்லர். தம்மைப் புரந்த வேந்தனின் முகத்துக்கு நேரே நின்று அச் சிறார்க்காகப் பேசினார் எனப் புறநானூறு காட்டுகின்றது. படையும் செல்வமும் நூற்றுக்கோடி மக்களும் உடைய ஓரரசு, ஒரு புலவன் காட்டிய துணிவிற் பாதியைக் காட்ட முடியாது போனது எதனால்?

2013-இல் மீண்டும் ஒரு தீர்மானம். தி.மு.க. நடுவணரசிலிருந்து விலகிய இரண்டாம் நாள், மார்ச்சு 21-இல், இந்தியா ஒப்ப வாக்களித்தது. 2014 மார்ச்சு 27-இல்தான் உண்மையான ஆய்வு நாள் வந்தது. அவ்வாண்டுத் தீர்மானம் முதன்முறையாக, மாந்த உரிமை ஆணையகமே முழு உசாவல் நடத்துக என்றது. பல்லற்ற தீர்மானங்களுக்கு இருமுறை ஒப்பிய இந்தியா, பல் முளைத்ததும் ஒதுங்கிக் கொண்டது. இறையாண்மையில் ஊடுருவும் பன்னாட்டு உசாவல் முறை தனக்கு ஒவ்வாதது என்று கரணியமும் சொல்லிற்று. 23 நாடுகள் ஒப்ப, தீர்மானம் இந்தியாவின் துணையின்றியே நிறைவேறியது.

அடுத்த சில கிழமைகளில் தில்லியில் ஆட்சி மாறிற்று. பேராயக் கட்சி போய்ப் பாரதிய சனதாக் கட்சி வந்தது. செனீவாவில் மட்டும் மாற்றமில்லை. 2021 மார்ச்சு 23-இல், போர்க்குற்றச் சான்றுகளைத் திரட்டிக் காக்கும் அமைப்பை நிறுவிய தீர்மானத்தின்போதும் இந்தியா ஒதுங்கி நின்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு அன்று இரு கிழமையே இருந்தது. வாக்குக் கேட்டு ஊரூராய் வந்தவர்களுக்கு, செனீவாவில் தம் வாக்கு எங்குப் போயிற்று என்று விடை சொல்ல நேரமில்லை. 2022 செப்டம்பர் 12-இல், அரசியல் தீர்வில் இலங்கை அளந்து காட்டத்தக்க முன்னேற்றம் எதுவும் காட்டவில்லை என இந்தியாவே அம் மன்றத்தில் கவலை தெரிவித்தது. அக்தோபர் 6-இல் வாக்கெடுப்பு வந்தது. 20 ஒப்பின, 7 மறுத்தன, 20 ஒதுங்கின. கவலைப்பட்ட இந்தியா ஒதுங்கியவற்றுள் ஒன்று. இதனை நடுவுநிலைமை என்று தில்லியின் ஏடுகள் எழுதின. நடுவுநிலைமை என்பது நிறைகோலைப் பிடித்து நிற்பது. கோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போவதற்கு வேறு பெயர் உண்டு.

இவ்வளவுக்கும் தில்லி அறிவாளர் சொல்லும் விடை ஒன்றே: கொழும்பைக் கடிந்தால் அது சீனத்தின் மடியில் விழுந்துவிடுமாம். சரி, கடியாமல் இருந்ததன் பயன் யாது? 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2022-இல் இலங்கையின் பொருளியல் சரிந்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி தாலர் அளவுக்குக் கை கொடுத்தது. அவ்வாண்டு ஆகத்து 16-இல், இந்தியாவின் மறுப்பையும் மீறிச் சீனத்தின் ஆய்வுக் கப்பல் அதே அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. அதன்பின் இரு மாதங்கூட ஆகவில்லை. செனீவாவில் இந்தியா மீண்டும் இலங்கைக்காக ஒதுங்கி நின்றது. தமிழரை விற்றுச் சீனத்தைத் தடுத்தார்கள் என்றாலாவது ஒரு வணிகக் கணக்கு இருக்கும். விற்றும் ஆயிற்று, விலையும் கைக்கு வரவில்லை.

ஆகவே உண்மைக் கரணியம் சீனமன்று. பன்னாட்டு உசாவல் என்னும் கதவு அண்டை நாட்டில் ஒருமுறை திறந்துவிட்டால், அதே கதவு காசுமீரத்துக்கும் நாகர் மணிப்பூரியர் மலைகளுக்கும் திறந்துவிடுமே என்னும் நடுக்கமே அது. இன்னும் ஒன்றுண்டு. 1987 அக்தோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து, நோயாளரும் மருத்துவரும் செவிலியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக்கொன்ற படை சிங்களப் படையன்று; அமைதி காக்கச் சென்றதாகச் சொல்லப்பட்ட இந்தியப் படை. ஈழத்தின் கொலைக் கணக்கை எவரேனும் முதல் ஏட்டிலிருந்து புரட்டத் தொடங்கினால் அவ்வேடும் புரளும். 1946-இல் இந்தியாவிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் உள்நாட்டுச் சிக்கல் என்னும் சுவரை இடித்தது. 2009-இல் சுவருக்குப் பின்னே அதற்கே ஓர் அறை தேவைப்பட்டது.

கிளிநொச்சியில் 2017 பிப்பிரவரி 20-ஆம் நாள், படையிடம் கையளித்த தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் சாலையோரப் பந்தலில் அமர்ந்தனர். கையில் பிள்ளைகளின் படங்களன்றி வேறொன்றும் இல்லை. விடை காணாமலே சிலர் முதுமையாலும் நோயாலும் இறந்தனர், எஞ்சியோர் எழவில்லை. 2022 அக்தோபர் 6-இல் செனீவாவில் இந்தியா ஒதுங்கி நின்ற அன்று, அவர்களின் இருப்பு 2,000 நாள்களைக் கடந்திருந்தது.